ஒற்றைக் கையால் பந்துவீசிய ஜிம் ஆபட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் உடற்கல்வி ஆசிரியர். மழைக்காலத்தில் மைதானம் சேறாகிவிட்டால் பிள்ளைகளை வகுப்பறையில் உட்காரவைத்து யாராவது ஒரு விளையாட்டு வீரரின் கதையைச் சொல்வேன். அவற்றில் அவர்கள் மறுபடி மறுபடி கேட்டு வாங்குவது அமெரிக்க பேஸ்பால் வீரர் ஜிம் ஆபட்டின் கதை. கதை முடிந்ததும் கைகள் உயரும். வருடங்கள் மாறினாலும் கேள்விகள் அநேகமாக அவையேதான். சக ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்டவற்றையும் சேர்த்து, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே எழுதியிருக்கிறேன்.

யார் சார் இந்த ஜிம் ஆபட்? கிரிக்கெட் வீரரா?

கிரிக்கெட் இல்லை, பேஸ்பால். 1967 செப்டம்பர் 19 அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தவர். வளர்ந்தது ஃபிளின்ட் நகரத்தில். கார் தொழிற்சாலைகளை நம்பி வாழ்ந்த, உழைப்பாளிகளின் ஊர் அது. பிறக்கும்போதே அவருக்கு வலது கையில் உள்ளங்கையும் விரல்களும் இல்லை. அப்படிப் பிறந்தவர், உலகின் மிகக் கடினமான பேஸ்பால் போட்டித்தொடரான அமெரிக்க மேஜர் லீக்கில் 1989 முதல் 1999 வரை 10 பருவங்கள் பந்துவீசினார். கலிபோர்னியா ஏஞ்சல்ஸ், நியூயார்க் யாங்கீஸ், சிகாகோ ஒயிட் சாக்ஸ், மில்வாக்கி புரூவர்ஸ் ஆகியவை அவர் ஆடிய அணிகள். 1988 ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவரும், 1993-இல் 'நோ ஹிட்டர்' என்ற அரிய சாதனையைச் செய்தவரும் அவர்தான்.

எனக்கு பேஸ்பாலே தெரியாது. பிட்சர் என்றால் நம் ஊர் பௌலர்தானே?

ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் ஓடிவந்து வீசும் வழக்கம் அங்கே இல்லை. சற்று உயர்த்திக் கட்டிய ஒரு மண்மேட்டின்மேல் நின்று, ஒரே எட்டு முன்வைத்து, 60 அடி 6 அங்குலத் தொலைவில் நிற்கும் பேட்டரை நோக்கி வீசுவார். கிரிக்கெட்டில் முழங்கையை 15 பாகைக்கு மேல் மடக்கி நீட்டினால் அது எறிதல், குற்றம். பேஸ்பாலில் எறிதல்தான் ஆட்டமே. பந்து தரையில் படாமல் நேராகப் பேட்டரிடம் போகும்.

இன்னொரு பெரிய வேறுபாடும் உண்டு. கிரிக்கெட்டில் பந்துவீச்சாளர் வெறுங்கையோடு ஆடுகிறார். பேஸ்பாலில் களத்தில் நிற்கும் ஒவ்வொருவரும் ஒரு கையில் பெரிய தோல் கையுறை அணிந்திருப்பார்கள். கையுறை போட்ட கையால் பிடிப்பார்கள், மறு கையால் எறிவார்கள். பேஸ்பாலுக்கு இரண்டு கை வேண்டும் என்று எல்லாரும் நினைத்ததற்குக் காரணம் இதுதான். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

கைக்கு என்ன ஆயிற்று? விபத்தா?

விபத்து எதுவும் இல்லை, பிறவியிலேயே அப்படி. வலது கை மணிக்கட்டுக்கு அருகில் முடிந்து, நுனியில் சிறிய விரல் போன்ற ஒரு முனைப்பு மட்டும் இருந்தது. பெற்றோர் இருவரும் அப்போது பதின்பருவத்தைத் தாண்டாதவர்கள். மகனை மற்றப் பிள்ளைகளோடு விளையாட வெளியே அனுப்ப வேண்டும் என்பதில் அவர்கள் தெளிவாக இருந்தார்கள்.

செயற்கைக் கை பொருத்திக்கொள்ளவில்லையா?

சிறுவயதில் பொருத்தினார்கள். நுனியில் உலோகக் கொக்கி வைத்த கை அது. அவருக்கு அது பிடிக்கவே இல்லை. மற்றப் பிள்ளைகள் அதைப் பார்த்துப் பயந்தார்கள், கேலி செய்தார்கள். விளையாட்டுக்கும் அது இடைஞ்சல். பள்ளிப் பருவத்தின் தொடக்கத்திலேயே அதைக் கழற்றி வைத்துவிட்டார். அதன்பிறகு அவர் செய்ததெல்லாம் தன் சொந்தக் கைகளைக்கொண்டுதான்.

ஒரு ஆசிரியனாக என் மனத்தைத் தொட்ட ஒரு செய்தியை இங்கே சொல்லிவிடுகிறேன். ஆபட்டுக்குத் தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்திய ஒருவர், இந்தப் பையன் ஒரே கையால் ஷூ கயிறு கட்டுவது எப்படி என்று யோசித்து, முதலில் தன் ஒரு கையை முஷ்டியாக மடக்கிக்கொண்டு தானே கட்டிப் பழகினாராம். முறை பிடிபட்ட பிறகு பையனை வகுப்புக்கு வெளியே அழைத்துப்போய்ச் சொல்லிக்கொடுத்தார். பெரிய லீக் வீரரான பிறகும் ஆபட் அந்த ஆசிரியரைப் பற்றிப் பல மேடைகளில் பேசியிருக்கிறார்.

பந்தை எல்லாரும் ஒரு கையால்தானே வீசுகிறார்கள்? இவர் வீசியதில் என்ன அதிசயம்?

வந்த கேள்விகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கேட்டவள் ஏழாம் வகுப்பு மாணவி. அவள் கேட்டது முழுக்கச் சரி. வீசுவதற்கு ஆபட்டின் இடது கை போதும், அது அபாரமான கை. சிக்கல் பந்து கையை விட்டுப் போன பிறகுதான் தொடங்குகிறது. மணிக்கு 90 மைல் வேகத்தில் வீசிய பந்து பேட்டரை அடைய அரை வினாடிகூட ஆகாது. அவர் நேராகத் திருப்பி அடித்தால் அதே வேகத்தில், சில சமயம் அதைவிட வேகமாக, வீசியவரின் முகத்தை நோக்கி வரும். அதற்குள் கையுறை கையில் ஏறியிருக்க வேண்டும்.

ஆபட் என்ன செய்தார் என்று மெதுவாகப் பார்ப்போம். வீசுவதற்கு முன் கையுறையை வலது கையின் நுனியில் தொப்பி கவிழ்ப்பதுபோல் மாட்டி வைத்துக்கொள்வார். இடது கையால் வீசுவார். வீசிய வேகத்தில் உடல் முன்னால் சாயும்போதே இடது கை கையுறைக்குள் நுழைந்துவிடும். இப்போது அவர் பிடிக்கத் தயார். பந்து வந்தால் கையுறையில் பிடிப்பார். பிடித்த மறுகணம் கையுறையை வலது முன்கைக்கும் மார்புக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, இடது கையை உருவும்போதே பந்தையும் எடுத்து, முதல் பேஸுக்கு, அதாவது அடித்தவர் ஓடிச் சேர வேண்டிய முதல் இடத்துக்கு எறிவார். அவர் சேர்வதற்குள் பந்து அங்கே போய்விட்டால் அவுட். இவ்வளவும் மற்றவர்கள் பந்தைக் கையுறையிலிருந்து எடுக்கும் நேரத்துக்குள் நடந்துவிடும். பழைய ஒளிப்பதிவில் முதல்முறை பார்ப்பவர்கள் பலர் கை மாறியதையே கவனிப்பதில்லை. நானும் இரண்டாம் முறை பார்த்தபோதுதான் கவனித்தேன்.

ஒரு சிறு நுணுக்கமும் உண்டு. இடது கையால் எறிபவர்கள் வலது கைக்கான கையுறை வாங்குவார்கள். ஆபட் எறிவதும் இடது கையால், பிடிப்பதும் இடது கையால். ஆகவே இடதுகைப் பந்துவீச்சாளரான அவர் வாங்கியது, வலதுகைக்காரர்கள் இடது கையில் போட்டுக்கொள்ளும் கையுறை.

அதை யார் கற்றுக்கொடுத்தார்கள்?

பயிற்சிப் புத்தகம் எதிலும் அது இல்லை. தந்தையும் மகனும் வீட்டு முற்றத்தில் பந்து எறிந்து விளையாடும்போது இப்படி மாட்டிப் பார்க்கலாமா, அப்படி மாட்டிப் பார்க்கலாமா என்று தேடிக் கண்டுபிடித்தார்கள். பிறகு தந்தை வேலைக்குப் போய்விட்ட நேரங்களில் சிறுவன் ஒரு செங்கல் சுவரைத் துணையாக்கிக்கொண்டான். ரப்பர் பந்தைச் சுவரில் எறிவான், கையுறையை மாற்றுவான், திரும்பி வரும் பந்தைப் பிடிப்பான். அது கைவந்ததும் சுவருக்குக் கொஞ்சம் நெருங்கி நிற்பான். நெருங்க நெருங்கப் பந்து சீக்கிரம் திரும்பும், கையும் சீக்கிரம் மாற வேண்டும். அந்தச் சுவர்தான் அவருடைய பயிற்சியாளர் என்று நான் பிள்ளைகளிடம் சொல்வதுண்டு.

எதிரணிக்காரர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ள மாட்டார்களா?

பயன்படுத்திக்கொள்ளப் பார்த்தார்கள். பேஸ்பாலில் 'பண்ட்' என்று ஒரு அடி உண்டு. மட்டையை வீசாமல் பந்துக்குக் குறுக்கே பிடித்து, சில அடி தூரம் மட்டும் மெதுவாக உருளவிட்டு, முதல் பேஸுக்கு ஓடிவிடுவார்கள். பந்துவீச்சாளர் மேட்டிலிருந்து ஓடிவந்து குனிந்து எடுத்து எறிய வேண்டும். ஒரு கையுள்ளவரை இப்படிச் சிக்கவைக்கலாம் என்பது கணக்கு. பள்ளிப் போட்டி ஒன்றில் ஒரு எதிரணி வரிசையாகப் பண்ட் அடித்தது. முதல் ஆள் தப்பித்தார். பின்னால் வந்தவர்களை ஆபட் ஒவ்வொருவராக அவுட் ஆக்கினார்.

1987-இல் அமெரிக்க அணியோடு கியூபாவுக்குப் போனபோதும் இதேபோன்ற ஒரு தருணம் வந்தது. ஹவானாவில் அவரை எதிர்கொண்ட முதல் பேட்டர் அடித்த பந்து தரையில் பட்டு உயரக் குதித்து மேட்டருகே வந்தது. ஆபட் அதை எடுத்துக் கைமாற்றி எறிந்து அவுட் ஆக்கியதும் கியூப ரசிகர்களே எழுந்து கைதட்டினார்கள். அன்று அமெரிக்கா வென்றது. கியூப மண்ணில் கியூப அணியை ஒரு அமெரிக்கப் பந்துவீச்சாளர் தோற்கடித்தது 25 ஆண்டுகளில் அதுவே முதல்முறை.

அவருக்காக விதிகளில் ஏதாவது சலுகை கொடுத்தார்களா?

எதுவும் இல்லை. அதே மேடு, அதே தொலைவு, அதே பந்து. பண்ட் அடிக்கக் கூடாது என்று எதிரணியிடம் யாரும் சொல்லவும் இல்லை. அவரும் அதை எதிர்பார்க்கவில்லை.

பேட்டிங் செய்தாரா?

பள்ளியில் நன்றாகவே அடித்தார். இறுதி ஆண்டில் அவருடைய பேட்டிங் சராசரி .427, அதாவது ஆயிரம் முயற்சிக்கு 427 'ஹிட்' (அவுட் ஆகாமல் பேஸைச் சேரவைக்கும் அடி) என்ற விகிதம். கூடவே 7 ஹோம் ரன், நம் ஊர் சிக்ஸர் போன்றது. வலது முன்கையின் நுனியை மட்டையின் அடியில் முட்டுக்கொடுத்து, இடது கையால் பிடித்துச் சுழற்றுவார். அதே பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்காகவும் ஆடியிருக்கிறார்.

மேஜர் லீக்கில் நெடுநாள் அவருக்கு அந்த வாய்ப்பு வரவில்லை. மேஜர் லீக்கில் அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்று இரண்டு பிரிவுகள். அமெரிக்கன் லீக்கில் 1973 முதல் பந்துவீச்சாளருக்குப் பதிலாக வேறொருவர் பேட் செய்யும் விதி இருந்தது. கடைசிப் பருவமான 1999-இல் நேஷனல் லீக் அணியான மில்வாக்கிக்குப் போனபோதுதான் மட்டையோடு களம் இறங்கினார். 21 முறை அடித்துப் பார்த்ததில் 2 ஹிட். இரண்டுமே சிகாகோ கப்ஸ் அணியின் ஜான் லீபர் வீசிய பந்தில்.

ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார் என்கிறீர்கள். பதக்கப் பட்டியலில் பேஸ்பாலே இல்லையே?

1988 சோல் ஒலிம்பிக்கில் பேஸ்பால் 'காட்சி விளையாட்டு'. போட்டி முறைப்படி நடந்தது, பதக்கமும் கொடுத்தார்கள், ஆனால் நாடுகளின் அதிகாரபூர்வக் கணக்கில் அது சேரவில்லை. இறுதிப் போட்டியில் அமெரிக்கா ஜப்பானை 5–3 என்று வென்றது. ஆபட் முதல் பந்திலிருந்து கடைசிப் பந்துவரை தானே வீசினார்.

அதற்கு முந்தைய ஆண்டு, அமெரிக்கக் கண்டங்களின் நாடுகள் மோதும் பான் அமெரிக்கன் போட்டிகளின் தொடக்க விழாவில் அமெரிக்கக் கொடியை ஏந்திச் சென்றவரும் அவர்தான். நாட்டின் தலைசிறந்த அமெச்சூர் விளையாட்டு வீரருக்கான சல்லிவன் விருதையும் 1987-க்காகப் பெற்றார். பேஸ்பால் வீரர் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல்முறை.

தொழில்முறை அணி அவரை விளம்பரத்துக்காக எடுத்ததா?

அன்றைக்கே அப்படிப் பேசியவர்கள் இருந்தார்கள். நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள். 1985-இல் பள்ளி முடித்தபோது டொரன்டோ அணி அவரை, அணிகள் முறைவைத்துப் புதியவர்களை எடுக்கும் வீரர் தேர்வின் 36-ஆவது சுற்றில், அதாவது மிகவும் பின்னால், தேர்ந்தெடுத்தது. அவர் ஒப்பந்தம் செய்யாமல் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். அங்கே அவருடைய கணக்கு 26 வெற்றி, 8 தோல்வி. 1988-இல் ஏஞ்சல்ஸ் அணி முதல் சுற்றிலேயே, நாடு முழுவதிலும் எட்டாவது ஆளாக எடுத்தது. வேடிக்கை காட்டுவதற்காக எந்த அணியும் முதல் சுற்றுத் தேர்வைச் செலவழிக்காது.

வழக்கமாகப் புதியவர்கள் சில ஆண்டுகள் மைனர் லீக் எனப்படும் கீழ்நிலை அணிகளில் ஆடிய பிறகே மேலே வருவார்கள். ஆபட் 1989-இல் நேராக மேஜர் லீக்கில் இறங்கினார். முதல் ஆட்டத்தில் சியாட்டிலிடம் தோற்றார். ஆனால் அந்தப் பருவம் முடிவதற்குள் 12 ஆட்டங்களை வென்றிருந்தார், தோல்வியும் 12. 21 வயதுப் புதியவருக்கு இது மிக நல்ல கணக்கு.

வேகமா, சுழலா? எப்படித்தான் வீசினார்?

வேகப்பந்து வீச்சாளர். அவருடைய ஆயுதம் 'கட்டர்' எனப்படும் பந்து. நேராக வரும் வேகப்பந்துபோல்தான் தோன்றும், கடைசி நேரத்தில் சில அங்குலம் பக்கவாட்டில் வெட்டித் திரும்பும். இடது கையால் வீசும்போது அது வலதுகைப் பேட்டரின் உடலை நோக்கி உள்ளே போகும். மட்டையின் நடுப்பகுதியில் பட வேண்டிய பந்து கைப்பிடிக்கு அருகில் பட்டுச் சாதுவாக உருளும். எனவே ஸ்ட்ரைக் அவுட் (பேட்டரை அடிக்கவே விடாமல் அவுட் ஆக்குவது) மழை பொழிந்தவர் என்று அவரைச் சொல்ல முடியாது. தரையில் உருளும் பந்துகளை அடிக்கவைத்து, தன் களவீரர்களை நம்பி ஆட்டத்தை வென்றவர். இதை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த பதிலைப் படியுங்கள்.

நோ ஹிட்டர் என்றால் என்ன? அதற்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

பேஸ்பால் ஆட்டத்தில் இரு அணிகளும் மாறி மாறி ஒன்பது முறை பேட் செய்யும், ஒவ்வொரு முறையும் ஒரு இன்னிங்ஸ். அந்த ஒன்பது இன்னிங்ஸ் முழுவதும் எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் முடிப்பதுதான் நோ ஹிட்டர். மிகச் சிறந்த பந்துவீச்சாளர்களில் பலருக்கு வாழ்நாளில் ஒருமுறைகூட அது வாய்ப்பதில்லை.

ஆபட்டுக்கு அது வாய்த்தது 1993 செப்டம்பர் 4, சனிக்கிழமை, நியூயார்க்கின் யாங்கீ மைதானத்தில். அப்போது அவர் யாங்கீஸ் அணியில். எதிரில் கிளீவ்லாந்து. ஆறு நாள் முன்புதான் அதே கிளீவ்லாந்து அவரைத் துவைத்து எடுத்திருந்தது: நான்கு இன்னிங்ஸ்கூட முடிக்கவிடாமல் 10 ஹிட், 7 ரன். அதே பேட்டர்கள் மறுபடி வருகிறார்கள். அன்று ஸ்ட்ரைக் அவுட் 3 மட்டுமே. 5 பேரை 'வாக்' முறையில் பேஸுக்கு இலவசமாக அனுப்பவும் செய்தார். எண்களைப் பார்த்தால் அசுரத்தனமான பந்துவீச்சு இல்லை. ஆனால் கட்டர் தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது. ஏழாவது இன்னிங்ஸில் ஆல்பர்ட் பெல் அடித்த பந்து இடைவெளியைத் தாண்டிப் போயிருக்க வேண்டியது. மூன்றாம் பேஸில் நின்ற வேட் பாக்ஸ் பாய்ந்து விழுந்து பிடித்து, எழுந்து எறிந்து அவுட் ஆக்கினார்.

ஒன்பதாவது இன்னிங்ஸ். மைதானம் முழுவதும் எழுந்து நிற்கிறது. முதலில் வந்த மின்னல் வேக ஓட்டக்காரர் கென்னி லாஃப்டன் பண்ட் அடித்துப் பார்த்தார், முந்தைய பதில் ஒன்றில் சொன்ன அதே உத்தி. பந்து கோட்டுக்கு வெளியே போனது, கூட்டம் கூச்சலிட்டது. பிறகு அவர் தரையில் அடித்து அவுட். அடுத்த ஆள் ஆழமாகத் தூக்கி அடித்த பந்தை பெர்னி வில்லியம்ஸ் ஓடிப்போய்ப் பிடித்தார். கடைசியாக கார்லோஸ் பயர்கா. அவர் தட்டிய பந்து இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே ஷார்ட்ஸ்டாப்பில் நின்ற ராண்டி வெலார்டியிடம் உருண்டது, அங்கிருந்து முதல் பேஸில் டான் மாட்டிங்லியின் கையுறைக்குப் போனது. 4–0 என்று யாங்கீஸ் வென்றது. ஆபட் கைகளை விரித்துக் கத்திக்கொண்டே, பேட்டருக்குப் பின்னால் நின்று பந்து பிடிக்கும் கேட்சர் மாட் நோக்ஸைக் கட்டிப்பிடித்தார். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அந்த இடத்தில் தொண்டை அடைக்கும்.

மொத்தக் கணக்கில் 87 வெற்றி, 108 தோல்வி. அப்படியானால் சுமாரான வீரர்தானே?

பேஸ்பாலில் ஒவ்வொரு ஆட்டத்தின் வெற்றியும் தோல்வியும் ஒரு பந்துவீச்சாளரின் பெயரில் எழுதப்படும். ஆனால் வெல்வதற்குத் தன் அணி ரன் எடுத்துத் தர வேண்டும், அது அவர் கையில் இல்லை. அதனால் 'ஈ.ஆர்.ஏ.' என்ற இன்னொரு அளவையும் பார்க்க வேண்டும். களவீரர்களின் பிழையால் போனவற்றை விட்டுவிட்டு, ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் கொடுத்தார் என்பது அது. குறைவாக இருந்தால் நல்லது, மூன்றுக்குக் கீழே இருந்தால் மிக மிக நல்லது.

1991-இல் ஆபட் 18 வெற்றி, 11 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 2.89. அமெரிக்கன் லீக்கின் சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருது வாக்கெடுப்பில் மூன்றாம் இடம். மறு ஆண்டு ஈ.ஆர்.ஏ. இன்னும் குறைந்து 2.77 ஆனது, அதாவது முன்னைவிட நன்றாக வீசினார். கிடைத்த கணக்கோ 7 வெற்றி, 15 தோல்வி. அவர் வீசிய நாட்களில் அணி ரன் எடுத்துத் தரவில்லை. அந்த இரண்டு ஆண்டுகளிலும் அவர் லீக்கின் முன்னணிப் பந்துவீச்சாளர்களில் ஒருவர், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மொத்த வாழ்க்கையையும் எடுத்துக்கொண்டால் ஈ.ஆர்.ஏ. 4.25, 888 ஸ்ட்ரைக் அவுட். நல்ல ஆண்டுகளும் மோசமான ஆண்டுகளும் கலந்த, நிஜமான ஒரு தொழில்முறை வாழ்க்கை.

1996-இல் என்ன ஆயிற்று? அந்தப் பக்கத்தை எல்லாரும் தவிர்த்துவிடுகிறார்களே?

தவிர்க்கக் கூடாது. அந்த ஆண்டு ஏஞ்சல்ஸ் அணிக்காக 2 வெற்றி, 18 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 7.48. பந்தின் வேகம் போய்விட்டது. வேகம் குறைந்ததும் கட்டரின் வெட்டும் மழுங்கியது, பேட்டர்கள் காத்திருந்து அடித்தார்கள். கையில்லாததற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. எத்தனையோ இரண்டு கைப் பந்துவீச்சாளர்களுக்கு முப்பது வயதை ஒட்டி நேர்வதுதான் அவருக்கும் நேர்ந்தது. அடுத்த வசந்தத்தில் அணி அவரை விடுவித்தது. 1997 முழுவதும் ஆடவில்லை.

1998-இல் அவர் செய்ததுதான் எனக்கு நோ ஹிட்டருக்கு இணையாகப் பிடித்த பகுதி. இளைஞனாக இருந்தபோது மிதிக்காமல் தாண்டிவந்த மைனர் லீக்கின் கீழ்ப்படிகளில், 30 வயதில் போய் நின்றார். தன்னைவிடப் பத்து வயது சிறியவர்களோடு ஆடி, படிப்படியாக ஏறி, செப்டம்பரில் ஒயிட் சாக்ஸ் அணிக்காக மறுபடி மேஜர் லீக் மேட்டில் நின்றார். ஐந்து ஆட்டங்களில் ஐந்து வெற்றி, தோல்வி இல்லை. மறு ஆண்டு மில்வாக்கியில் 2 வெற்றி, 8 தோல்வி. அத்தோடு ஓய்வு பெற்றார்.

புகழ் மண்டபத்தில் அவர் பெயர் இருக்கிறதா?

தலைசிறந்த வீரர்களைக் கௌரவிக்கும், கூப்பர்ஸ்டவுனில் உள்ள தேசிய பேஸ்பால் புகழ் மண்டபத்தில் இல்லை. அதற்கு 75 சதவீத வாக்கு வேண்டும். 2005-இல் அவர் பெற்றது 2.5 சதவீதம். பட்டியலில் தொடர்வதற்கே 5 சதவீதம் தேவை என்பதால் அந்த ஆண்டோடு அவர் பெயர் நீங்கியது. முழு வாழ்க்கைக் கணக்கை வைத்துப் பார்த்தால் அந்த முடிவு நியாயமானது என்பதே என் கருத்து. இரக்கத்தின் பேரில் வாக்கு விழாதது அவருக்குச் செய்த மரியாதை.

அவருக்கு முன்னாலும் பின்னாலும் இப்படி யாரும் ஆடவில்லையா?

ஆடியிருக்கிறார்கள். இடது கையை இழந்த ஹியூ டெய்லி என்ற பந்துவீச்சாளர் 1883-லேயே ஒரு நோ ஹிட்டர் வீசியிருக்கிறார். அவர் ஆடியது கிளீவ்லாந்து நகரத்தின் அணிக்காக. 110 ஆண்டுகள் கழித்து ஆபட் நோ ஹிட்டர் வீசியது அதே நகரத்தின் அணிக்கு எதிராக. இரண்டும் செப்டம்பர் மாதத்தில். 1945-இல் பீட் கிரே என்பவர் வலது கை முழுவதும் இல்லாமல் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணிக்காகக் களவீரராக ஒரு பருவம் ஆடினார். ஆபட்டுக்குப் பிறகு, அவரைப் போலவே வலது உள்ளங்கை இல்லாமல் பிறந்த சாட் பென்ட்ஸ் 2004-இல் மேஜர் லீக்கில் பந்துவீசினார்.

நம் நாட்டில் ஒப்பிட யாராவது உண்டா?

கர்நாடகத்தின் பி. எஸ். சந்திரசேகரை நினைத்துக்கொள்ளுங்கள். சிறுவயதில் இளம்பிள்ளைவாதத்தால் வலது கை மெலிந்துபோனவர். அந்தக் கையாலேயே சுழற்பந்து வீசி 58 டெஸ்டுகளில் 242 விக்கெட் எடுத்தார். களத்தில் பந்தை எடுத்து எறிவதற்கு மட்டும் இடது கை. ஒரு கைக்கு ஒரு வேலை என்று பிரித்துக்கொண்ட விதத்தில் அவரும் ஆபட்டும் ஒரே வழியில் சிந்தித்தவர்கள்.

'ஊனத்தை வென்ற வீரர்' என்று மேடையில் அறிமுகப்படுத்தலாமா?

அப்படிச் சொல்லாதீர்கள் என்று நான் கேட்டுக்கொள்வேன். ஆபட் எதையும் வென்று ஒழிக்கவில்லை, அவருடைய கை இன்றும் அப்படியேதான் இருக்கிறது. அவர் வென்றது பேட்டர்களை. 'ஏஞ்சல்ஸ், யாங்கீஸ் அணிகளின் இடதுகை வேகப்பந்து வீச்சாளர், 1993-இல் நோ ஹிட்டர் வீசியவர்' என்று தொடங்குங்கள். கையைப் பற்றி அதன் பிறகு சொல்லலாம். பள்ளி விழாக்களில் இந்த வரிசை தலைகீழாகப் போவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அவர் தன் நினைவுகளில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியிருக்கிறார். மூத்த மகளின் மழலையர் பள்ளிக்குத் தன் தொழிலைப் பற்றிப் பேசப் போயிருந்தார். கேள்வி நேரத்தில் மகளே கையைத் தூக்கினாள். அப்பாவுக்குத் தன் சின்னக் கையைப் பிடிக்குமா என்று கேட்டாள். அதுவரை யாரும் அவரிடம் கேட்டிராத கேள்வி. பிடிக்கும் என்றார். எப்போதும் பிடித்திருந்ததில்லை என்பதையும் மறைக்கவில்லை.

மற்றக் குழந்தைகள் அவரைத் தேடி வந்தார்களா?

ஒவ்வொரு ஊரிலும் வந்தார்கள். கையோ விரலோ இல்லாத பிள்ளைகளைப் பெற்றோர் மணிக்கணக்கில் கார் ஓட்டி அழைத்துவந்தார்கள். கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்தன. ஏஞ்சல்ஸ் அணியின் மக்கள் தொடர்பு அலுவலர் டிம் மீட் இந்தச் சந்திப்புகளை ஆட்டத்துக்கு முன்னால் ஒழுங்கு செய்து கொடுப்பார். ஆபட் அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுவார், கடிதங்களுக்குப் பதில் எழுதுவார். முந்தைய நாள் தோற்றிருந்தாலும் அந்தச் சந்திப்பு நடந்தது.

என் மகளுக்கும் வலது கை மணிக்கட்டோடு சரி. ஒன்பது வயது. அவள் இதைப் பழக முடியுமா?

முடியும். நம் பள்ளிகளுக்கு இடையிலான போட்டிகளில் பேஸ்பால் போன்ற சாஃப்ட்பாலும் உண்டு என்பதால், விளையாட்டுச் சாமான் கடைகளில் அதற்கான கையுறை கிடைக்கும். இடது கையில் போடும் கையுறையைக் கேட்டு வாங்குங்கள், காரணம் மேலே இருக்கிறது. ஒரு அளவு பெரிதாக, தளர்வாக இருக்கட்டும். இறுக்கமாக இருந்தால் கை சட்டென்று நுழையாது. தோல் விறைப்பாக இருந்தால் சில நாள் மடக்கி மடக்கிப் பழக்குங்கள்.

முதல் வாரம் பந்தே வேண்டாம். கையுறையை வலது கை நுனியில் கவிழ்ப்பது, இடது கையை நுழைப்பது, மார்போடு இடுக்கி உருவுவது, இது மட்டும் போதும். இடுக்குவது வலிக்கிறது என்றால் முழங்கை மடிப்பில் வைத்துப் பார்க்கட்டும். அவள் கைக்கு எது வசதியோ அதுதான் சரியான முறை. பிறகு ஒரு ரப்பர் பந்து, ஒரு சுவர். பதினைந்து அடி தள்ளி நின்று மெதுவாக எறியட்டும். பத்துக்கு எட்டு முறை பிடித்துவிட்டால் ஒரு அடி முன்னால் நகரச் சொல்லுங்கள்.